தாயம் போட்டவன் உள்ள

— கயித்த இழுத்து இழுத்து ஒங்க கைதான் பிய்யப் போகுது மச்சான். எஞ்சின் செத்துப்போச்சு, விடுங்க.

— நீ வாய மூடிக்கிட்டு அங்கிட்டுப் பாரு மாப்ள. அந்தக் கப்பல் நம்மளப் பாத்துத்தான் வருதா?

— நம்மளப் பாத்துத்தான். இலங்கைக் கொடி தெரியுது.

— போச்சு. எல்லைக் கோட்டத் தாண்டி எம்புட்டுத் தூரம் வந்திருக்கம்?

— ஜிபிஎஸ்ஸப் பாக்கவே பயமா இருக்கு. நீங்க அசந்து தூங்குனீங்க, ஹேண்டில் எங் கையில. மீன் நல்லாப் படுதேன்னு போய்க்கிட்டே இருந்துட்டேன். எந் தப்புதான்.

— சரி விடு. ஜெகதாப்பட்டினத்துல பொறந்து வளந்தவனுக்கே கோடு எங்க இருக்குன்னு தெரியல. நீ எம்.ஏ. வரலாறு படிச்சிட்டு, வேலை கெடைக்காம வேற வழியில்லாம என்கூட வந்தவன்.

— திரும்பி ஓடவும் முடியாது. துடுப்பு போட்டா?

— அவன் சிரிப்பான். அத விடு, அவன் வந்து கேக்கப்போற மொத கேள்வியப் பத்தி யோசி. ஓட்டுனது யாருன்னு கேப்பான்.

— அருள்தாஸ் அண்ணன்கிட்ட கேட்ட மாதிரியா?

— அதேதான். கூடப் போனவங்களையெல்லாம் ஊருக்கு அனுப்பிட்டு, ஓட்டுனவருன்னு அவர மட்டும் உள்ள போட்டானுவ. இன்னும் வரல மனுசன்.

— அப்ப நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டுக்கு, ஒருத்தர் உள்ள.

— ஆமாடா.

— மனசுல உள்ளதச் சொல்லிருறேன் மச்சான். எனக்கு ஊருக்குப் போகணும். திங்கக்கெழம அந்த அகழாய்வுல வேலைக்குச் சேரணும். அலையா அலைஞ்சு கெடச்சது. கேஸுன்னு பேர் வந்தா அதுவும் போச்சு, இனி எதுவும் கெடைக்காது.

— எனக்கு மட்டும் ஆசையில்லையாக்கும்? ஒங்க அக்கா பிரகதீஸ்வரிக்கு இது நெற மாசம். புள்ள மொகத்த நான் பாக்க வேணாமா?

— வேணாம்னு சொல்லுவனா? அதான் ஒண்ணும் ஓட மாட்டேங்குது எனக்கு.

— தாயம் போட்டுருவம்.

— இந்த நேரத்துல வெளையாட்டா!

— ஏன்டா, வலையப் போட்டுட்டு உக்காந்திருக்கயில தெனமும் நீதான அளப்ப? மொதல்ல அது வெளையாட்டே இல்லேன்னு.

— அது உண்மைதான். அந்தக் காலத்துல எலும்பையும் காயையும் உருட்டி சாமிகிட்ட வாக்குக் கேட்டாங்கன்னு சொல்றாங்க. வேட்டைக்கு எங்கிட்டுப் போறது, யாருக்கு எந்தப் பங்கு, எல்லாம் அப்படித்தான். பந்தயம் கட்டுனது பொறவு.

— எதுக்குச் சாமிகிட்ட போகணும்? பெரிய மனுசன் ஒருத்தன் சொல்லக் கூடாதா?

— சொன்னா பழி சொன்னவன் மேல விழும்ல மச்சான். காயி சொன்னா யாரு மேலயும் பழி இல்ல.

— நமக்கு வேண்டியதும் அதான். நேத்து ஆடுன சோழி எங்க?

— எஞ்சினக் கழட்டயில தண்ணிக்குள்ள விழுந்துருச்சு.

— புளிப் பொட்டலத்துல கொட்டை கெடக்கும், நாலு எடு. நங்கூரத்துல ஒரு பக்கம் தேய்ச்சா வெள்ளையாயிரும். இங்கிட்டுக் குடு, நான் தேய்க்கிறேன். நீ கப்பலப் பாத்துச் சொல்லிக்கிட்டே இரு.

— நேராத்தான் வாரான். டெக்குல ஆளு நிக்கிறது தெரியுது.

— பாத்துக்கிட்டே பேசு, எனக்கும் பதட்டம் கொறையும். அந்தத் தான்றிக்காய்க் கதை என்ன? அன்னைக்குப் பாதியில தூங்கிட்டேன்.

— தான்றிக்காய அள்ளிப்போட்டு, நாலு நாலாக் கழிப்பாங்க. மிச்சமே இல்லாட்டி ஜெயிச்சான். ஒண்ணு மிஞ்சுனா தோத்தான். அந்த ஒண்ணுக்குப் பேரு கலி.

— நம்ம தாயத்துல ஒண்ணு விழுந்தாத்தானடா ராசி?

— அதான் வேடிக்கை. அங்க கெடுதல், இங்க ராசி.

— அப்ப பழைய வழக்கத்தையே வச்சுக்குவம். தாயம் போட்டவன் உள்ள. ஆட்டத்துலயுந்தான் தாயம் விழுந்தா காய் உள்ள போகுது?

— நல்லாப் பொருத்துனீங்க போங்க. தேய்ச்சாச்சா?

— இந்தா, முடிஞ்சது. ஏமாத்துறதும் அப்பவே உண்டோ?

— அப்பவே உண்டு. ரோமாபுரிப் பக்கம், கேட்டதே விழுற மாதிரி உள்ள ஈயம் வச்ச பகடையெல்லாம் மண்ணுக்குள்ளருந்து எடுத்திருக்காங்க.

— எல்லாம் ஜெயிக்கிறதுக்குத்தானா?

— பின்ன? தோக்குறதுக்கு எவனாச்சும் கள்ளக்காய் செய்வானா?

— அதுவும் சரிதான். மூத்தவன் நான், நாந்தான் மொதல்ல போடுவேன். ஒத்த வெள்ளை விழுந்தா தாயம். ஆத்தா மகமாயி!

— மச்சான்...

— பாத்தியா? ஒரு வெள்ளை, மூணு கறுப்பு. தாயம்.

— மொத உருட்டுலயேவா!

— சாமி சொல்லிருச்சு. கேட்டா எம் மச்சான் ரத்தினவேல்தான் ஓட்டுனாருன்னு சொல்லு. நீ தூங்கிக்கிட்டு இருந்த. புரிஞ்சுச்சா?

— அழுகை வருது மச்சான். சந்தோசத்துலயா வெக்கத்துலயான்னு எனக்கே தெரியல.

— அழுதுக்க, அவன் வர்றதுக்குள்ள மூஞ்சியத் தொடச்சிரு. அக்கா பக்கத்துல இரு. வேலைய விட்டுறாத. அந்தக் கொட்டையத் தூக்கிக் கடல்ல போடு.

— இருங்க, நானும் ஒருக்க உருட்டிப் பாக்குறேன். எனக்கு என்ன விழுந்திருக்கும்னு.

— அதான் முடிஞ்சு போச்சுல்ல. எதுக்கு இப்ப? குடு இங்கிட்டு.

— எனக்கும் தாயம் மச்சான்.

— விழும், அதுக்கென்ன?

— திரும்பவும் தாயம்... இந்தக் கொட்டை ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கு. இந்த மூணையும் நீங்க தேய்க்கவே இல்ல.

— மெதுவாப் பேசு.

— தோக்குறதுக்கா கள்ளக்காய் செஞ்சீங்க?

— நீ உள்ள போயி நான் மட்டும் கரையேறுனா, ஒங்க அக்கா என் மூஞ்சில முழிப்பாளா? புள்ளையத்தான் எங் கையில குடுப்பாளா?

— இது செல்லாது மச்சான். சாமியும் சொல்லல, ஒண்ணும் சொல்லல. ஹேண்டில் எங் கையில இருந்துச்சு. திருப்பி ஆடணும்.

— ஆடுவம். இன்னொரு ஆட்டத்துக்கு நேரம் இருக்கு. இந்த வாட்டி நீ மொதல்ல போடு. கொட்டை ஒங் கையிலதான் இருக்கு.

— போட்டா தாயந்தான விழும்?

— தாயந்தான் விழும்.

— போட்டவன் உள்ள.

— அதான பேச்சு. கப்பல் கிட்ட வந்துருச்சு, போடு மாப்ள.

— கை வரமாட்டேங்குது மச்சான்.