மூளைக்கு ஏறிய காய்ச்சல்

"கிபிர்! குந்து! குந்து!"

குந்துகிறோம். பங்கர்க் குழிக்குள் முழங்கால் அளவு மழைத்தண்ணீர். மேலே குண்டுவிமானத்தின் இரைச்சல். நிலம் அதிர்கிறது. எங்கள் ஊர் கட்டைபறிச்சானை விட்டு ஓடிவந்து காட்டுக்குள் கிடக்கிறோம்.

என் அக்கா மலர் மட்டும் எழுந்து நிற்கிறாள். சிரிக்கிறாள். மேலே ஏறப் பார்க்கிறாள். ஆறு மாத வயிறு. இழுத்து உட்கார்த்தினேன். என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கள் ஆர்?"

ஒருநாளும் என்னை அவள் 'நீங்கள்' என்றதில்லை.

காய்ச்சல் முன்பே வந்திருந்தது. குளிரில் பல் அடிக்கும். பிறகு உடம்பு கொதிக்கும். வியர்க்கும். விடும். எழுந்து சோறு கேட்பாள். காட்டில் பாதிப் பேருக்கு அது இருந்தது. நுளம்புக் கடி அப்படி. மருந்து ஏற்றிவந்த லொறிகளை இராணுவச் சாவடியில் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியவர்களை நான் மன்னிக்கவில்லை.

இந்த முறை வியர்க்கவில்லை. தலையிடி. ஓயாமல் சத்தி எடுத்தாள். சிறுநீர் பால் விடாத தேத்தண்ணி நிறம். பிறகு கதை தடுமாறியது. கத்தத் தொடங்கினாள்.

"பொத்து வாயை! எங்களைக் காட்டிக்குடுக்கப் போறாள்!"

பக்கத்து வளவு மனுசன். அவளின் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். சேலைத் தலைப்பை அவளின் வாய்க்குள் அடைத்தார். நான் அவரின் கையைக் கடித்தேன். ஷெல்லடிப் பயம் என்றார்கள். பேய் என்றார்கள்.

அப்போது வலிப்பு வந்தது. கை கால் வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியது. பிறகு அசைவில்லை.

சந்தியாப்பிள்ளை ஐயா தவழ்ந்து வந்தார். முந்தி ஆசுபத்திரியில் வருத்தக்காரரைப் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியாக இருந்தவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நெஞ்செலும்பில் அழுத்தினார். அவள் முனகவும் இல்லை.

"பிள்ளை, இது பயம் இல்லை. மலேரியா மூளைக்கு ஏறிட்டுது. இனிக் குளிசை விழுங்க ஏலாது. குயினைன் சேலைனில ஏத்தவேணும். இண்டைக்கே."

கரையில் கரீம் காக்கா தோணி வைத்திருந்தார். மூதூர் முஸ்லிம்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். கடலுக்குப் போகத் தடை. "ஏத்துங்க" என்றார். தோணியைத் தள்ளினார்.

கொட்டியாரக் குடா. வெயில். அக்காவின் தலை என் மடியில். மூச்சு இழுத்து இழுத்து வருகிறது.

திருகோணமலை இறங்குதுறை. துவக்கோடு ஒரு சிப்பாய். அரைகுறைத் தமிழ்.

"பேர் சொல்லு!"

அவளின் கண் பாதி திறந்திருக்கிறது. துவக்கு முனையால் பாதத்தில் குத்தினான்.

"நடிக்கிறியா?"

"மலேரியா!" கத்தினேன். "மலேரியா! மலேரியா!" எனக்குச் சிங்களம் தெரியாது. அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் ஒன்று. வயதான ஒருவன் வந்து நெற்றியைத் தொட்டான். கையை வெடுக்கென்று எடுத்தான். எங்களைப் போகவிட்டார்கள். கரீம் காக்காவை நிற்பாட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். ஈரச் சாரத்தோடு முழங்காலில் இருந்தார்.

ஆசுபத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். ஒருநாள் காலையில் அக்கா கண் திறந்தாள்.

"தங்கச்சி, வயிறு ஏன் இப்பிடிக் கிடக்கு?"

பிள்ளை இறந்து பிறந்ததை நான் சொல்லவேண்டி இருந்தது.

இப்போது உப்புவெளியில் இருக்கிறோம். அக்காவுக்கு ஒரு காது கேட்காது. நாட்டில் மலேரியா இல்லை என்கிறார்கள். நல்லது. போரில் செத்தவர்களை எண்ணும்போது காய்ச்சலில் செத்தவர்களை விட்டுவிடுகிறார்கள். நான் விடமாட்டேன்.

எங்கள் பங்கரில் ஷெல்லுக்கு ஒருவர். காய்ச்சலுக்கு நான்கு பேர். அதில் ஒருவர் சந்தியாப்பிள்ளை ஐயா. அவரைக் கடல் கடத்த ஆளில்லை. கரீம் காக்கா வீடு திரும்பவே இல்லை. அவரோடு ஒரு தோணி. அக்காவின் பெண்பிள்ளையும் என் கணக்கில்.