தண்டலத்தில் விட்ட குட்டி

வேலை நேரத்தில் தூங்கியதற்காக ஒருவரை நிறுத்திவைத்தால், அவர் எழுதித் தரும் விளக்கத்துக்குப் பத்து நாளில் பதில் தர வேண்டும் என்பது ஓர் ஆலையின் விதி. எழுபதுகளின் கடைசியில், சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நின்ற, அந்த ஆலையில் வேலை செய்த மாமனும் அவர் மச்சானும் அதைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை.

“காரணம் பூனைன்னா எழுதின மாமா? ஜுரம்னு எழுதக் கூடாதா?”

“நெசத்தத்தானே மேனேஜர் கேட்டான். குட்டி ராவெல்லாம் சட்டிய உருட்டுது, படுத்தா கால்வெரல கடிக்குது. நான் எப்ப தூங்கறது?”

“அதான் ரெண்டு மாசம் பதிலே போடல. படிச்சு படிச்சு சிரிச்சுகினு இருந்திருப்பான்.”

“பூனை இருந்தா வேலை இல்லன்னு நெனச்சு, கோணில போட்டு தண்டலத்துல வுட்டுட்டேன்.”

“இப்பதான் வேலைக்குக் கூப்ட்டுட்டாங்களே. ஏன் மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற?”

“எம் பாப்பா நாளைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து வருது. குட்டிய பாத்துக்கறேன்னு அதுகிட்ட சொல்லிக் கீறேன். மூணு நாளா தண்டலத்துல தேடறேன், காணோம்.”

பஸ் தூரத்தில் தெரிந்தது.

“கடுதாசில பூனைய வுடச் சொல்லியா இருந்துச்சு?”

“அதப் பத்தி ஒண்ணுமே இல்ல. விளக்கம் சரி, வேலைக்கு வான்னுதான் இருந்துச்சு.”

“என்னிக்கு வந்துச்சு?”

“குட்டிய வுட்ட மறுநாள். வெள்ளிக்கிழமை.”