6318 வீடு சேர்ந்த கதை

துப்பாக்கிக் குழலின் நுனியில் இருக்கும் குறிமுள்ளுக்குக் கரி பிடிக்கக் கற்பூரம்தான் நல்லது. மெழுகுவர்த்தியில் காட்டினால் பிசுக்கு ஒட்டும், வெயிலில் மினுங்கும். கற்பூரப் புகை மை மாதிரி மந்தமாகப் படியும், கண்ணைக் கூசாது. மார்லீனுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். போலீஸார் நீங்கள் எடுத்து வைத்திருக்கும் சாமான்களில் அந்தக் கற்பூர டப்பியும் இருக்கும். அது என்னுடையது. அவசரமில்லை, ஆனால் ஞாபகமாகத் திருப்பித் தர வேண்டும்.

என் பெயர் ஓரெஸ்ட் ஹவ்ரிலுக். வயது அறுபத்தாறு. தானியக் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் பதினோரு வருடமாகத் துப்பாக்கிச் சோதனை என் பொறுப்பு. பார்த்து, சுடலாம் என்று நான் பச்சை அட்டை கட்டினால்தான் எந்தத் துப்பாக்கியும் சுடும் வரிசைக்குப் போகும். என் அட்டையை இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

மார்லீனுக்கு நடந்ததைத்தான் கேட்கிறீர்கள். வருகிறேன். ஆனால் எண்ணைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

பழைய ராணுவத் துப்பாக்கியில் பின்னால் இழுத்துத் தள்ளுகிற ஒரு தண்டு உண்டு. போல்ட் என்போம். தோட்டாவை உள்ளே தள்ளி, வெடிக்கும்போது பின்பக்கத்தை அடைத்து நிற்பது அதுதான். துப்பாக்கிக்கு ஒரு எண் இருக்கும், அதே எண்ணை அதன் போல்ட்டின் கைப்பிடியிலும் பொறித்திருப்பார்கள். போருக்குப் பிறகு ராணுவம் இவற்றை விற்றபோது போல்ட்டுகளைத் தனியாகக் கழற்றிப் பீப்பாயில் போட்டு அனுப்பினார்கள். வந்து சேர்ந்த இடத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துச் செருகினார்கள். அவ்வளவு அலட்சியம். ஒரு குடும்பத்தைப் பிரிக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் துப்பாக்கியின் எண் 6318. கட்டை, குழல், முன்பட்டை எல்லாவற்றிலும் 6318. போல்ட் மட்டும் யாரோ எவரோ. அது பொருந்தவும் இல்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் மார்லீனின் கணவன் டெனிஸ்தான் அளந்து பார்த்துவிட்டு, "இதுல ஒரு தோட்டா போட்ட, உன் மூஞ்சி உன்னுது இல்ல" என்றான். அன்றிலிருந்து அது சுவரில்தான் தொங்கியது. நான் 6318 என்ற போல்ட்டைத் தேடத் தொடங்கினேன். கண்காட்சிகள், ஏலங்கள், கடிதங்கள். கிளப்பில் அதற்கு 'ஓரெஸ்ட்டின் ஓடிப்போன பெண்டாட்டி' என்று பெயர் வைத்தார்கள். "என்னய்யா, வீட்டுக்காரம்மா கிடைச்சாங்களா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார்கள். என் சொந்த மனைவி சோனியா என்னை விட்டுப் போன பிறகும் அந்தக் கேள்வியை நிறுத்தவில்லை. யாரைக் கேட்கிறார்கள் என்று சில சமயம் எனக்கே குழப்பமாக இருக்கும்.

டெனிஸ் என் நண்பன். முப்பது வருடம் ஒரே வண்டியில் மான் வேட்டைக்குப் போனவர்கள் நாங்கள். போன ஜனவரியில் அவனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சக்கர நாற்காலியில் இருக்கிறான். மார்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மதியம் ஓடி வந்து அவனுக்குச் சோறூட்டிவிட்டு மறுபடி ஓடுவாள். அந்தப் பேருந்துதான் அவர்கள் வீட்டை ஓட்டுகிறது. அவள் கண்ணும் கையும் அந்த வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஜூனில் எங்கள் கிளப்பின் முதல் பழைய ராணுவத் துப்பாக்கிப் போட்டி. டெனிஸ் போன இலையுதிர் காலத்தில் ஒரு பண்ணை ஏலத்தில் என்னுடைய அதே வகைத் துப்பாக்கி ஒன்று வாங்கியிருந்தான். அவனுக்குப் பதில் மார்லீன் சுடுவதாக முடிவாயிற்று. அவளுக்கு முதல் போட்டி. எல்லாவற்றையும் தயார் செய்து தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் போனேன். சமையலறை மேசையில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தாள். அடுப்புப் பக்கம் அவள் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பிரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். டெனிஸ் எனக்கு எதிரே நாற்காலியில். தோள்வாருக்கு எண்ணெய் போட்டேன். காதடைப்பான், கண்ணாடி, பாய், மதிப்பெண் புத்தகம் எல்லாம் வரிசையாக வைத்தேன். கற்பூரம் காட்டினேன்.

"இவ்வளவு சாமானா? கல்யாணத்துக்குக்கூட நான் இப்படிக் கிளம்பல, ஓரெஸ்ட்" என்றாள்.

"கல்யாணத்துல குறி தப்பினா பரவாயில்ல" என்றேன்.

"தப்பிச்சுன்னு யார் சொன்னா?" என்று மாவுக் கையாலேயே டெனிஸின் தலையில் ஒரு தட்டு தட்டினாள். அவன் அரை வாயால் சிரித்தான்.

பிறகு துப்பாக்கியை எடுத்துப் போல்ட்டை இழுத்தேன். கைப்பிடியில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். 6318.

இரண்டு முறை துடைத்துப் பார்த்தேன். நிமிர்ந்தால், டெனிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இடது கையால் மேசையைத் தட்டுகிறான், போல்ட்டைக் காட்டுகிறான், என்னைக் காட்டுகிறான், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறான்.

மார்லீன் திரும்பினாள். "ஏய், சும்மா இரு. எல்லாத்தையும் கெடுத்துடாத" என்று அவனை அதட்டினாள். என்னிடம், "அவருக்கு இப்பெல்லாம் காரணமே இல்லாம சிரிப்பு வருது, கண்டுக்காதீங்க" என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். எட்டு மாதம். எட்டு மாதமாக அது அவன் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. வாதம் வருவதற்கு முன் மூன்று மாதம் அவனுக்கு நன்றாகப் பேச்சு இருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான், பெண்டாட்டியும் அதற்கு உடந்தை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நான் சத்தம் போடுகிறவன் இல்லை. "இடைவெளி அளக்கணும், கருவி வீட்டுல இருக்கு. துப்பாக்கிய எடுத்துட்டுப் போய், சனிக்கிழமை மைதானத்துக்கே கொண்டுவந்துடறேன்" என்றேன். அவள் ஒரு டப்பா நிறைய பிரோகி கொடுத்தனுப்பினாள். நன்றாகச் செய்வாள்.

கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டு, அவர்கள் மாட்டேன் என்றிருந்தால்? அப்புறம் போல்ட் காணாமல் போனால் முதல் சந்தேகம் என் மேல்தானே வரும். யோசித்துத்தான் கேட்கவில்லை.

அன்று மாலையே என் துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கினேன். 6318ஐ அதனுள் தள்ளினேன். எண்பது வருடம் பிரிந்திருந்தது, ஒரு உரசல் இல்லாமல் போய் உட்கார்ந்தது. நான் அழுதேன், மறைப்பானேன். சோனியா பெட்டியோடு வாசலில் நின்ற அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை.

என்னிடம் இருந்த அந்நியப் போல்ட்டை மார்லீனின் துப்பாக்கியில் போட்டேன். அதற்கும் ஒரு இடம் வேண்டுமே. பிறகு முறைப்படி அளந்தேன். ஒரு சின்ன எஃகுக் கட்டையை உள்ளே வைத்துப் போல்ட்டை மூட வேண்டும். மூடாமல் முட்டிக்கொண்டு நின்றால் நல்ல துப்பாக்கி. மூடிக்கொண்டால் இடைவெளி அதிகம், தோட்டா பின்பக்கமாகக் கிழிந்து வெடி சுடுகிறவர் முகத்துக்கு வரும். மூடிக்கொண்டது. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் மூடிக்கொண்டது. அளக்காமல் விட்டேன் என்று கிளப்பில் யாராவது சொன்னால் அது பொய்.

ஆனால் பாருங்கள், அவள் சுடப்போவது மொத்தம் முப்பது தோட்டா. இப்படிப்பட்ட துப்பாக்கிகள் ஆயிரம் தோட்டா தாங்கியதும் உண்டு. போட்டி முடிந்ததும், "இனிமே இதைச் சுட வேண்டாம், சுவத்துல மாட்டுங்க, அழகா இருக்கும்" என்று சொல்வதாகவே இருந்தேன். நானும் இருபத்திரண்டு வருடம் அப்படித்தானே மாட்டி வைத்திருந்தேன். அவளுக்கு நான் நினைத்தது எனக்கு நடந்ததைவிட மோசமில்லை. பச்சை அட்டையில் கையெழுத்துப் போட்டேன். எழுத்து தெளிவாக இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

சனிக்கிழமை நல்ல வெயில், காற்று குறைவு. நிழலில் ஒரு நீள மேசை போட்டுப் பழைய துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்திருந்தோம். எல்லா எண்ணும் ஒன்றாக இருக்கும் துப்பாக்கிக்கு நீல ரிப்பன். எனக்குத்தான் கிடைத்தது. தலைவர் கார்த் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஒருவழியா குடும்பம் ஒண்ணு சேந்துடுச்சே, விருந்து எப்போ?" என்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டவர்களுக்கு, தபாலில் வந்தது என்றேன்.

மார்லீன் டெனிஸைத் தள்ளிக்கொண்டு வந்து மேசையின் அந்தக் கோடியில், நிழலாகப் பார்த்து நிறுத்திவிட்டு வரிசைக்குப் போனாள். பேருந்துக்காரிக்கே உரிய நடை, தோளில் பாய், கையில் புத்தகம். போகும்போது என்னைப் பார்த்து, "முடிஞ்சதும் ஓடிடாதீங்க, சாப்பாட்டுக்கு இருக்கணும். உங்களோட ஒரு வேலை இருக்கு" என்றாள்.

முதல் சில தோட்டாக்கள் சுத்தமாகப் போயின. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நான்கு, ஐந்து. ஒவ்வொன்றும் எனக்குச் சாட்சி மாதிரி இருந்தது. அப்போதுதான் டெனிஸின் நாற்காலி மெதுவாக மேசையோரம் நகர்ந்தது. ரிப்பன் கட்டிய என் துப்பாக்கியின் முன் நின்றான். கைப்பிடியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி வரிசையில் படுத்திருந்த மார்லீனைப் பார்த்தான்.

எங்கள் மைதானத்தில் ஒரு விதி உண்டு. யார் வேண்டுமானாலும், வேடிக்கை பார்க்க வந்தவர்கூட, 'நிறுத்து' என்று கத்தலாம். காரணம் கேட்காமல் எல்லாரும் அந்தக் கணமே நிறுத்திவிடுவார்கள். அன்று அங்கே நாற்பது பேர் இருந்தோம். அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாதவன் டெனிஸ் ஒருவன்தான்.

அவன் கத்தினான். "ந்நீ... நீ..." என்று ஏதோ வந்தது. இடது கையால் நாற்காலியை அறைந்தான். கார்த் பார்த்துவிட்டு, "பாருங்கய்யா, பொண்டாட்டிக்கு என்னமா உற்சாகம் குடுக்கிறாரு" என்றார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். மார்லீனுக்குக் காதடைப்பான், ஆனாலும் கைதட்டல் கண்ணில் பட்டிருக்கும். திரும்பிச் சிரித்துவிட்டு மறுபடி குறி பார்த்தாள்.

எனக்கு டெனிஸ் சொன்னது புரிந்தது. முப்பது வருடம் ஒரே வண்டியில் போனவன் நான், அவனுடைய அரைச் சொல் எனக்கு முழுச் சொல். அந்தப் போல்ட்டை முதலில் அளந்து எச்சரித்தவனே அவன்தான். என் சட்டையைப் பிடித்தான். நான் அவன் தோளில் கை வைத்து, "கவலைப்படாத, நல்லாத்தான் சுடறா" என்றேன். பிறகு அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டேன். சட்டையிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டாவது தோட்டா.

வலது கண் போய்விட்டதாக நேற்று நர்ஸ் சொன்னாள். கன்னத்து எலும்பும் தேறாதாம். பேருந்து இனி ஓட்ட முடியாது என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. பூ அனுப்பியிருக்கிறேன்.

இப்போது நீங்கள் மேசையில் வைத்திருக்கும் இந்த அட்டை. மார்லீனின் கைப்பையில் இருந்தது என்கிறீர்கள். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. டெனிஸ் இடது கையால் எழுதியிருக்கிறான், ஒரு வாரமாவது ஆகியிருக்கும் பாவம். "6318. ஓரெஸ்ட்டுக்கு. ஏலத்தில் கிடைத்தது. போட்டி முடிந்ததும் எல்லார் முன்னாலும் வாங்கிக்கொள். இனி யாராவது பெண்டாட்டி எங்கே என்று கேட்கட்டும்."

அதனால்தான் அன்று சிரித்திருக்கிறான். எல்லாத்தையும் கெடுத்துடாத என்று அவள் அதட்டியதும் அதற்குத்தான்.

சரி. மறைக்க ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ளுங்கள். போல்ட்டை மாற்றியது நான். அளந்தது நான். ஆபத்து என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டது நான். நிறுத்து என்று சொல்ல முடிந்தும் சொல்லாமல் இருந்தது நான். ஆனால் மேலே 'திருடியதாக' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். இந்த அட்டையை நீங்களே படித்தீர்கள். அது எனக்கு என்று வாங்கியது. என் பொருளைத்தான் நான் எடுத்தேன்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் கிடங்கில் துப்பாக்கியை ஒரு பக்கமும் போல்ட்டை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைப்பது வழக்கம் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து என்னுடையதைப் பிரித்துவிடாதீர்கள். இவ்வளவு பாடுபட்டு இப்போதுதான் சேர்ந்திருக்கின்றன.