பதினாலாவது கணக்கு

இல்ல டீச்சர், உக்கார மாட்டேன். உக்காந்தா கோபம் ஆறிடும். அது ஆறிடக் கூடாதுன்னுதான் பஸ்ஸுக்குக்கூட நிக்காம நடந்தே வந்திருக்கேன்.

யாரோட அம்மாவா? ஒன்பதாவதுல ஒரு பொண்ணை மூணு நாள் வராண்டாவுல, தண்ணிக் குழாய் பக்கத்துல நிக்க வெச்சீங்களே, அவளோட அம்மா. ஆமா, கண்ணாடி போட்டவ. இப்ப ஞாபகம் வந்துடுச்சா?

ஹெட்மாஸ்டரை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல இந்த நோட்டைப் பாருங்க. ஏற்கெனவே பாத்ததுதான், தெரியுது. பக்கம் முழுக்க உங்க சிவப்பு மைதானே இருக்கு. பரவால்ல, இன்னொரு தடவை பாருங்க. பதினாலாவது கணக்கு. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் மைனஸ் பன்னண்டு, சமம் பூஜ்யம். காரணிப்படுத்தணும். அவ என்ன எழுதியிருக்கா? ரெண்டு நம்பர் வேணும். பெருக்கினா மைனஸ் பன்னண்டு வரணும், கூட்டினா மைனஸ் ஒண்ணு வரணும். மைனஸ் நாலு, பிளஸ் மூணு. அதனால ஒரு அடைப்புக்குள்ள எக்ஸ் மைனஸ் நாலு, இன்னொண்ணுல எக்ஸ் பிளஸ் மூணு. விடை நாலு, மைனஸ் மூணு. இதுல எது தப்பு? விரலை வெச்சுக் காட்டுங்க.

புக்குல அப்படி இல்லைங்கறீங்க. ஆமா, இல்ல. பின்பக்கம் எக்ஸ் பிளஸ் நாலு, எக்ஸ் மைனஸ் மூணுன்னு போட்டிருக்கு. ஏன் டீச்சர், கூட்டலும் கழித்தலும் என்ன அக்கா தங்கச்சியா, ஒருத்தி சட்டையை இன்னொருத்தி மாத்திப் போட்டுக்க? பெருக்கிப் பாத்தீங்களா? நடுவுல பிளஸ் எக்ஸ் வரும். கேள்வியில மைனஸ் இருக்கு. அரை நிமிஷ வேலை.

அம்பது நோட்டு திருத்தணும், நேரமில்ல. சரி, ஒத்துக்கறேன். ஆனா அவளே உங்க மேஜைக்கு வந்து, பெருக்கிக் காட்டட்டுமா டீச்சர்னு கேட்டா இல்ல? அப்ப என்ன சொன்னீங்க? புத்தகம் எழுதினவங்களைவிட நீ பெரிய அறிவாளியான்னு கேட்டீங்க. வகுப்பே சிரிச்சுது. அதுக்கப்புறமும் அவ விடல. புக்கு சொல்ற மூணைப் போட்டுப் பாருங்க டீச்சர், ஒன்பதுல மூணு போனா ஆறு, ஆறுல பன்னண்டு போனா மைனஸ் ஆறு, பூஜ்யம் எங்கேன்னு கேட்டிருக்கா. நியாயமான கேள்விதானே? நீங்க அதை வாய்த்துடுக்குன்னுட்டீங்க. புத்தகத்துல இருக்கற விடையை அம்பது தடவை எழுதிட்டு உள்ள வா, அதுவரைக்கும் வெளிய நில்லுன்னுட்டீங்க.

என்னது, ஒழுங்குக்காகவா? யாரோட ஒழுங்கு?

மூணு நாள் டீச்சர். காலைல பெல் அடிச்சா வெளிய, சாயங்காலம் பெல் அடிச்சா வீட்டுக்கு. தண்ணி பிடிக்க வர்ற சின்ன கிளாஸ் பிள்ளைங்க, என்னக்கா தப்பு பண்ணேன்னு கேக்குமாம். கணக்கை சரியாப் போட்டுட்டேன்னு சொல்லுவாளாம். சிரிச்சுக்கிட்டே சொன்னா என்கிட்ட. முதல் நாள் சிரிச்சா. ரெண்டாம் நாள் கால் வலிக்குதுன்னா. மூணாம் நாள் சிரிக்கவும் இல்ல, வலிக்குதுன்னும் சொல்லல. ஆனா எழுதல. ஒரு வரிகூட எழுதல.

திமிரா? ஆமா, திமிர்தான். சரியாப் போட்ட கணக்கை தப்புன்னு எழுத மாட்டேங்கற திமிர். அது இருக்கற பிள்ளை உங்க வகுப்புல வேற எத்தனை பேர் இருக்காங்க, சொல்லுங்க பாப்போம்.

நாலாம் நாள் எழுதிக் கொண்டாந்து குடுத்துட்டா. தெரியும், தெரியும். இதோ கீழ நீங்க எழுதியிருக்கீங்களே, திருந்திவிட்டாள், மகிழ்ச்சின்னு. கையெழுத்து வேற. இந்த ரெண்டு வார்த்தைதான் டீச்சர் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

நல்லா திருந்திட்டா. நேத்து வீட்டுப்பாடம் போடறா, பக்கத்துலதான் இருந்தேன். முன்னெல்லாம் கணக்கு கிடைச்சா பஸ் டிக்கெட் பின்னாடிகூட கிறுக்குவா. பெருக்கிப் பாப்பா, வந்துடுச்சும்மான்னு கத்துவா. நேத்து என்ன பண்ணா தெரியுமா? முதல்ல புத்தகத்தோட கடைசிப் பக்கத்தைத் திறந்தா. விடையை நோட்டுல எழுதிக்கிட்டா. அப்புறம் மேல காலி விட்ட இடத்துல அதுக்கு ஏத்த மாதிரி படியெல்லாம் எழுதினா. இது எப்படிடி வந்துச்சுன்னேன். எப்படி வந்தா என்னம்மா, விடை இதுதானேன்னா. நிமிர்ந்துகூடப் பாக்கல. நான் அடுப்படிக்குப் போய் நின்னுட்டேன்.

அதனால இப்ப நீங்க என்ன பண்றீங்க, என்கூட வகுப்புக்கு வர்றீங்க. எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் போர்டுல அந்தக் கணக்கைப் போட்டுப் பெருக்கிக் காட்டறீங்க. புத்தகம் தப்பு, அவ சரின்னு சொல்றீங்க. அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

மரியாதை போயிடுமா? அவளுக்குப் போனது என்ன?

என்ன சொன்னீங்க? அச்சுல நடந்த தப்புக்கு நான் என்ன பண்ண முடியும், அடிச்சவங்களைப் போய்க் கேளுங்கங்கறீங்களா?

கேட்டாச்சு டீச்சர். தினம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த புக்கை டைப் பண்ணது நான்தான்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஒரு அச்சகத்துல கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கறேன். விடைப் பகுதி முழுக்க என்னோடது. எல்லாம் ஒரே மாதிரி வரிங்கறதால முந்தின விடையை காப்பி பண்ணி நம்பரை மட்டும் மாத்துவோம். பதிமூணாவதுல பிளஸ் அஞ்சு, மைனஸ் ரெண்டு. அஞ்சை நாலாக்கினேன், ரெண்டை மூணாக்கினேன். குறியை மாத்த விட்டுட்டேன்.

மூணாம் நாள் சாயங்காலம் புத்தகத்தைக் கொண்டாந்து என் மடியில வெச்சா. நீயே சொல்லும்மா, உனக்குக் கணக்கு தெரியுமே, இது தப்புதானேன்னா. பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. எப்ப அடிச்சேன், எந்த சீட்டுல உக்காந்து அடிச்சேன்னுகூட ஞாபகம் வந்துச்சு. போன மாசம்தான் ஒரு அழைப்பிதழ்ல பேரைத் தப்பா அடிச்சதுக்கு பக்கத்து சீட்டு அக்காவை வேலையை விட்டு அனுப்பினாங்க. அதுதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

புத்தகத்துல தப்பு வராதுடி, எழுதிக் குடுத்துட்டு உள்ள போன்னேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்தா. நீங்க மூணு நாள் வராண்டாவுல நிக்க வெச்சும் எழுதாதவ, அங்கேயே தரையில உக்காந்து அம்பதையும் எழுதினா.

வாங்க டீச்சர். போர்டுல நீங்க பெருக்குங்க, மீதியை அந்தப் பிள்ளைங்க முன்னாடி நான் சொல்லிக்கறேன். எந்தப் பக்கம், மாடியா?