பின்கதவு

போலாம் சம்பந்தி, போகாம என்ன. மண்டபம் என்ன கால் முளைச்சு ஓடிடவா போகுது. உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அது ஒரு பக்கமா சாயும். ஆடிட்டர் வந்தா மட்டும் குடுக்குற நாற்காலி அது. இதுல உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன், வந்துரும். குடிச்சிட்டு நிதானமாக் கிளம்பலாம். லைட் கட்டுறவங்க காத்திருந்தா காத்திருக்கட்டும்.

என்ன அப்படிச் சுத்திப் பாக்குறீங்க. ஆமா, இதுதான் ஆபீஸ். சம்பந்தம் பேசுறப்ப, மாநிலத் தீ பாதுகாப்பு வாரியத்துல சீனியர் இன்ஸ்பெக்டர்னு நான் சொன்னதும் நீங்க நிமிர்ந்து உக்காந்தீங்க. செவப்பு வண்டி, மணி, ஏணி எல்லாம் மனசுல ஓடியிருக்கும். அது வேற டிபார்ட்மென்ட் சம்பந்தி. அவங்க தண்ணி அடிக்கிறவங்க. தப்பா நினைக்காதீங்க, குழாய்ல. தீ வந்தப்புறம் அவங்க போவாங்க. வர்றதுக்கு முன்னாடி போகவேண்டியது நாங்க. கடை, தியேட்டர், ஆஸ்பத்திரின்னு போயி, ஒயர் ஒழுங்கா ஓடுதா, வெளிய போற வழி திறந்திருக்கா, அணைக்கிற சிலிண்டர்ல மருந்து இருக்கான்னு பாக்கணும். இல்லேன்னா நோட்டீஸ். அப்பவும் கேக்கலேன்னா பூட்டு. சட்டத்துல அப்படித்தான் இருக்கு. சட்டத்துல எங்களுக்கு ஒரு ஜீப்பும் இருக்கு.

இருக்குங்க, நெசமாவே இருக்கு. ஜன்னல் பக்கம் எட்டிப் பாருங்க, மரத்தடியில நிக்குதே, அதுதான். பூனை குட்டி போட்டிருக்கு அதுல. டயர் கேட்டு எழுதினோம். ஓடாத வண்டிக்கு டயர் எதுக்குன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. டயர் இல்லாமத்தான் ஓடலைன்னு எழுதினோம். அப்ப மொதல்ல ஓட்டிக் காட்டுங்க, பிறகு பரிசீலிக்கிறோம்னு பதில் வந்துச்சு. சிரிங்க, பரவாயில்ல. நாங்களும் சிரிச்சோம்.

ஆளுங்களா? ரிட்டயர் ஆனவங்க இடத்துக்கு யாரையுமே போடல. இப்ப டைரக்டர் மேடம், நான், டைப் அடிக்கிற அம்மா, அவ்வளவுதான். அந்த அம்மாவும் காலையில இங்க, மத்தியானம் கால்நடைத் துறையில. ஒரு தடவை ஞாபக மறதியில, வெறிநாய் தடுப்பூசி போட்டுக்கிட்டதுக்கு ஆதாரம் காட்டணும்னு ஒரு ஜவுளிக்கடைக்கு எங்க நோட்டீஸ் போயிடுச்சு. பாவம் அந்தக் கடைக்காரர், எதுக்கு வம்புன்னு போட்டுக்கிட்டு, சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு நேரா இங்க வந்து நின்னாரு. இந்த வாரியம் சொன்னதை மறுபேச்சு இல்லாம கேட்ட ஒரே மனுஷன் அவர்தான்.

இந்தக் கட்டடத்தோட கதை இன்னும் ஜோர். இதையும் சோதிக்கிறது எங்க பொறுப்புதான். சோதிச்சோம். ஃபெயில். எங்களுக்கு நாங்களே நோட்டீஸ் குடுத்தோம். நிதி இல்லை, கால அவகாசம் வேணும்னு நாங்களே பதிலும் எழுதினோம். அந்தப் பதில் திருப்தியா இல்லைன்னு இன்னொரு நோட்டீஸும் குடுத்துட்டோம். நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே.

நிதி ஏன் இல்லைன்னா, அதுக்குக் காரணம் ரொம்ப சுலபம் சம்பந்தி. தண்ணி அடிக்கிற டிபார்ட்மென்ட்டுக்குக் காசு குடுத்தா ஒரு வண்டி வரும். ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுத்துக்கலாம். எங்களுக்குக் குடுத்தா என்ன வரும்? ஒண்ணும் வராது. ஒண்ணும் வராமப் பாத்துக்கிறதுதான் எங்க வேலையே. தீப்பிடிக்காத கட்டடத்தை எந்தப் பேப்பர்ல போட்டோ போடுவான்?

இந்தா, டீ வந்துருச்சு. எடுத்துக்குங்க. சர்க்கரை கம்மியாத்தான் சொன்னேன்.

எங்களைக் கண்காணிக்க ஒரு குழு இருக்கு. வருஷா வருஷம் கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. ஏசி குளுகுளுன்னு இருக்கும், நடுங்கறது குளிர்லயா பயத்துலயான்னு நமக்கே தெரியாது. அந்தக் குழுத் தலைவர், அவர் பேரு இருக்கட்டும், நாங்க வச்ச பேரு சிக்கனம். எதைக் கேட்டாலும் சிக்கனம் வேணும், சிக்கனம் வேணும்பாரு. போன தடவை என்னைப் பாத்து, இந்த வருஷம் எத்தனை தீயைத் தடுத்தீங்கன்னு கேட்டாரு. நடக்காத தீயை எப்படிங்க எண்ணுறதுன்னேன். எண்ணிக்கை சொல்ல முடியாத வேலைக்கு எப்படிப்பா காசு குடுக்குறதுன்னாரு. மேசையைச் சுத்தி எல்லாரும் தலையாட்டினாங்க. பக்கத்துல இருந்த மேடம் மட்டும் ஆட்டல. அவங்களுக்குக் கழுத்து வலின்னு மத்தவங்க நினைச்சிருப்பாங்க.

அதுக்கு முன்னாடி வருஷம்தான் அந்தத் தையல் கம்பெனி எரிஞ்சுது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, மாடியில இருந்துச்சே, அது. மறுநாள் நான் உள்ள போனேன். பின்கதவுல வெளிப்பக்கம் பூட்டு. வேலை செய்யுற பொண்ணுங்க துணியை எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு முதலாளி பூட்டி வைப்பாராம். கதவோட உள்பக்கக் கைப்பிடி இருக்கு பாருங்க, நல்ல இரும்பு, அது வளைஞ்சிருந்துச்சு சம்பந்தி. இழுத்து இழுத்து வளைஞ்சிருக்கு. குறிப்புல எழுதிக்கிட்டு வெளிய வந்து படியில உக்காந்தேன். டீக்கடைக்காரர் வந்து கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டாரு.

இல்ல, நாங்க அந்தக் கம்பெனியை ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. பட்டியல்ல இருந்துச்சு, போக ஆள் இல்ல. குழு கூப்பிட்டு ஏன் பாக்கலைன்னு கேட்டுச்சு. ஆள் இல்லைன்னு சொன்னோம். கடமையைச் செய்யாத வாரியத்துக்கு இவ்வளவு நிதி எதுக்குன்னு இருந்ததையும் குறைச்சாங்க. சோறு போடாம வச்சிட்டு, இளைச்சுப் போயிட்டான், இவனுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய தட்டுன்னு அதையும் பிடுங்கின மாதிரி.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, இருங்க, கடிகாரத்தைப் பாக்காதீங்க. அந்தச் சிக்கனத்துக்குச் சொந்தமா ஒரு கல்யாண மண்டபம் இருக்கு. மெயின் ரோட்டுல, முன்னாடி பளிங்குத் தூண் வச்சு, சிங்கம் ரெண்டு வாயைப் பொளந்துக்கிட்டு. ஆமா. அதுதான். நீங்களே பிடிச்சுக் குடுத்தீங்களே, கூடப் படிச்சவன், நமக்குன்னா தேதியை மாத்திக் குடுப்பான்னு. அவரேதான் சிக்கனம். நீங்க பேரைச் சொன்ன அன்னைக்கே எனக்குப் புரை ஏறிடுச்சு. காரம்னு சொல்லிச் சமாளிச்சேன்.

சத்தியமா வேலையா நினைச்சுப் போகல சம்பந்தி. பொண்ணைப் பெத்தவனா, பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு இடம் பாக்கத்தான் போனேன். அவ மேடையைப் பாத்தா. நான் சீலிங்கைப் பாத்தேன். என்ன பண்றது, பல் டாக்டர் கல்யாணத்துக்குப் போனாலும் வாயைத்தானே பாப்பாரு. சீலிங் பூராவும் புதுசா ஸ்பாஞ்ச் மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்தாங்க, ஒரு பொறி பட்டாப் போதும். மாடிப்படிக்குக் கீழ ஜெனரேட்டருக்கு டீசல் கேன். அப்புறம் பின்பக்கம் போனேன். பின்கதவுல சங்கிலி போட்டுப் பூட்டு.

மேனேஜர் தம்பியைக் கேட்டேன். ஓசிச் சாப்பாட்டுக்கு ஆளுங்க அந்த வழியா நுழையுறாங்க சார்னான். சாவி எங்கன்னேன். ஓனர்கிட்டன்னான். ஓனர் எங்கன்னேன். உங்க வாரியத்தோட மீட்டிங்லதான் சார் இருக்காருன்னான்.

பொண்டாட்டி என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. நம்ம வேலை வேற, நம்ம வீட்டு விசேஷம் வேறன்னா. வாயை மூடிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். தூங்க முடியல. மறுநாள் நோட்டீஸ் எழுதிக் குடுத்தேன். கெடு முடிஞ்சு போயிப் பாத்தா, நல்ல முன்னேற்றம். பூட்டு அப்படியே இருக்கு, அதை மறைச்சு ஒரு அழகான ஸ்கிரீன் தொங்குது. ஸ்கிரீன் மேல கொட்டை எழுத்துல வெளியே செல்லும் வழின்னு எழுதியிருக்கு. பக்கத்துல அம்புக்குறி வேற.

மேடம்கிட்ட போயி நின்னேன். அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. வர்ற வாரம் நம்ம நிதியை முடிவு பண்ணப் போறவரோட மண்டபம், தெரியும்லன்னாங்க. தெரியும்னேன். உங்க வீட்டுக் கல்யாணம் முடியட்டுமே, அப்புறம் பூட்டிக்கலாமேன்னாங்க. மேடம், எங்க வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் என் சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்கன்னேன். சாயங்காலம் ரெண்டு நாள் லீவு எழுதி வச்சுட்டு, பொறுப்பு டைரக்டர்னு என் பேரைப் போட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. பயந்து ஓடினாங்களா, எனக்கு வழி விட்டாங்களான்னு இன்னும் எனக்குப் புரியல. வந்தா கேக்கணும்.

செவந்துக்கிட்டே வருது உங்க மூஞ்சி. கொஞ்சம் தண்ணி குடிங்க. சொல்லிடுறேன். இன்னைக்குக் காலையில சீல் வச்சாச்சு சம்பந்தி. முன்வாசல்ல, சிங்கத்துக்கு நடுவுல.

கோபப்படுங்க, நியாயம்தான். உங்க சிநேகிதர், உங்க வாக்கு, ஊர் பூரா சொல்லியாச்சு. இப்பதான் அவர் போன் பண்ணினாரு, நீங்க படியேறி வர்றப்ப. அடுத்த பட்ஜெட்ல உன் வாரியமே இருக்காதுன்னாரு. இப்ப மட்டும் எங்கய்யா இருக்குன்னு கேட்டுட்டேன். வாய் சும்மா இருந்தாத்தானே. டிரான்ஸ்ஃபர் வரும். எங்க போடுவாங்க, போட இன்னொரு ஆபீஸ் வேணுமே.

பொண்ணுக்குத் தெரியும். நேத்தே சொல்லிட்டேன். அழுதா. ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்தித் தாப்பாள் போட்டுக்கிட்டா. நான் வெளியிலயே நின்னேன். ரொம்ப நேரம் கழிச்சுத் திறந்து, மூக்கை உறிஞ்சிக்கிட்டே, கோவிச்சுக்கிட்டு நிம்மதியாக் கதவைச் சாத்தவாச்சும் விடுவீங்களாப்பான்னா. அப்புறம் அவதான் இடத்தையும் சொன்னா. அவ வேலை பாக்குற ஸ்கூல் கிரவுண்டு. லீவுதானே, ஹெட்மிஸ்ட்ரஸ் சரின்னுட்டாங்க. கூரை கிடையாது, வெயில் விழும், மேடைன்னு பெஞ்சுகளைத்தான் சேர்த்துப் போடணும். ஆனா எந்தப் பக்கம் வேணா ஓடலாம்.

இல்ல, காலையில மண்டபத்துக்கு நான் தனியாப் போகல. அதைத்தான் சொல்ல வர்றேன். அதைச் சொல்லத்தான் டீயெல்லாம் வாங்கிக் குடுத்து உங்களைப் பிடிச்சு வச்சிருக்கேன். சீல் வைக்கணும்னா இன்னொரு ஆளு கூட இருக்கணும், சாட்சிக் கையெழுத்து போடணும். எங்ககிட்ட ஆளு எங்க இருக்கு, மேடம் லீவு, டைப் அடிக்கிற அம்மாவும் இன்னைக்கு வரல. பஸ் ஸ்டாப்புல நின்னு முழிச்சிக்கிட்டிருந்தேன். அந்த வழியா ஒரு பைக் வந்து நின்னுச்சு. எங்க போறீங்கன்னு கேட்டாரு. மறைக்காம எல்லாத்தையும் சொன்னேன், அந்தத் தையல் கம்பெனிக் கைப்பிடி வரைக்கும். உங்க கல்யாணம் நடக்கவேண்டிய மண்டபம்தான், யோசிச்சுக்குங்கன்னேன். ஹெல்மெட்டை எடுத்து என் கையில குடுத்துட்டு, ஏறுங்க மாமான்னாரு.

அரக்கு உருக்குறப்ப காத்து வேற. மெழுகுவத்தியைக் கையால மறைச்சுப் பிடிச்சாரு, சூடா ரெண்டு சொட்டு விரல்ல விழுந்துச்சு, ஒண்ணுமில்லைன்னு உதறிக்கிட்டாரு. கையெழுத்து போடுறப்ப மட்டும் ஒரு தடவை நிறுத்தினாரு. எங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுறீங்களா மாமா, என்னால அவர் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியாதுன்னாரு. சரின்னேன். போட்டாரு.

ஆமா சம்பந்தி. உங்க பையன்தான். நல்ல பையனா வளர்த்திருக்கீங்க, என் பொண்ணை நான் இனிமே யோசிக்காம அனுப்புவேன். அப்ப இருந்து கீழ பைக்லதான் உக்காந்திருக்காரு, விரலுக்கு மருந்துகூடப் போடல. மேல வரச் சொல்லட்டுமா, இல்ல நீங்களே இறங்கிப் போறீங்களா?