முன்பக்கத்துக்கு மட்டும் ஓடு

— கீத்து வேண்டாம், நாட்டு ஓடு வேண்டாம், தகரமும் வேண்டாம். வேற எதுதாங்க வேணும், வாத்தியாரய்யா? காலையிலேர்ந்து ஒங்களுக்கு வெலை சொல்லியே தொண்டை வத்திப்போச்சு.

— கோவிச்சுக்காதீங்க, சூசைராஜு. இன்னொருக்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்.

— உள்ளதைச் சொல்றேன். வீடு முழுக்கப் போட கீத்து நாப்பது ரூவா, ரெண்டு வருசத்துக்கு ஒருக்க மாத்தணும். நாட்டு ஓடு நூறு. கொரங்கு ஏறுனா நகந்துபோகும். தகரம் நூத்தியம்பது, சித்திரை மாசம் உள்ள இருந்தா வெந்துபோவீக. சீமை ஓடு, சட்டமெல்லாம் சேத்து முந்நூறு. ஒங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்.

— கையில இருக்கிறது நூத்தியம்பது. இருவது வருசமா கீத்துக்கு அழுத காசுல சீமை ஓடே போட்டு முடிச்சிருக்கலாம். ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் கூட்டல் சொல்லிக் குடுக்கிறவன், இதை நேத்துத்தான் கூட்டிப் பாத்தேன்.

— அப்பத் தகரம் போடுங்க.

— முடியாதே. சம்பந்திகிட்ட எங்களுதும் சீமை ஓட்டு வீடுன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்.

— ஏன் சொன்னீக?

— போன வருசம் அவுக வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்தேன், செவசெவன்னு சீமை ஓடு. வாய் சும்மா இருக்கலை. அப்புறம் அவுக எங்க ஊருப் பக்கம் வந்துறக் கூடாதேன்னு, பொண்ணு பாக்குறது, கல்யாணம் எல்லாத்தையும் மலைக்கோயில்லயே வச்சுக்கிருவோம்னேன். ஒடனே சரின்னுட்டாக. எவ்வளவு பெருந்தன்மைன்னு வீட்டுல வந்து மெச்சிக்கிட்டேன்.

— இப்ப என்ன வந்துச்சு?

— மகளுக்கு ஏழாம் மாசம். தலைப்பிரசவத்துக்கு நாங்க போயிக் கூட்டியாறோம்னா, வேண்டாம், வெள்ளிக்கிழமை நானே கொண்டாந்து விடுறேங்கிறாரு சம்பந்தி. அதான், முன்பக்கத்துக்கு மட்டும் சீமை ஓடு போடுங்க. பின்பக்கம் பழைய கீத்து இருக்கட்டும். அவரை வாசல்லயே ஒக்கார வச்சுச் சோத்தைப் போட்டு, பஸ் ஏத்தி விட்டுருவேன். சிரிக்காதீங்க.

— உள்ளதைச் சொல்றேன், இந்த ரோசனையை விராலிமலையில ஒருத்தரு ஏற்கெனவே பண்ணிட்டாரு. மகனுக்குப் பொண்ணு தேடணும்னு முன்பக்கத்துக்கு மட்டும் ஓடு கேட்டாரு. நாந்தான் குடுத்தேன். மொளகா யாவாரம் சேவுகன்னு பேரு.

— அவருதான் என் சம்பந்தி.

— சேசுவே.

— அப்ப அங்க பின்பக்கம்?

— கீத்துதான். போன மாசம் ஒடைஞ்ச ஓடு மாத்தப் போனேன், நல்ல மழை. பின்கட்டுல மருமகப் புள்ள சட்டி வச்சு ஒழுகுற தண்ணியப் புடிச்சுக்கிட்டிருந்துச்சு. ‘எங்கப்பா வீட்டுலயும் இப்படித்தான், பழகிப்போச்சு. அப்பா, மாமா ரெண்டு பேருகிட்டயும் சொல்லிறாதீங்க’ன்னுச்சு.

— எம் புள்ளையா அப்படிச் சொன்னா?

— சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. வண்டி வந்துருச்சு, வாத்தியாரய்யா. முன்பக்கத்துக்கு ஓட்டை ஏத்தட்டா?

— ஏத்துங்க. ஆனா அத்தனையும் பின்பக்கத்துக்கு. எம் மக அங்கதான் படுக்கணும். சம்பந்தி வாசல்ல ஒக்காந்து கீத்தைப் பாத்துட்டுப் போகட்டும்.