ஒரு கேள்விக்கு ஆறு நிமிஷம்

இல்ல சார், அழிங்க. முழுசா அழிங்க. இவ்வளவு நீளமா எழுதினா யார் படிப்பா? முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் எடுத்தவர்னு சொன்னாங்க. இருக்கட்டும். ஆனா இது பள்ளிக்கூடம் இல்ல. பசங்க கேள்விய போன்ல படம் புடிச்சு அனுப்புவாங்க, நாம இங்கேர்ந்து விடைய டைப் அடிச்சு அனுப்பணும். அவன் அதை அப்பிடியே நோட்டுல எழுதி டீச்சர்கிட்ட காட்டிட்டு விளையாடப் போயிடுவான். நீங்க என்னடான்னா, அன்புள்ள மாணவனேன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. லீவு லெட்டரா எழுதறீங்க?

ஒரு கேள்விக்கு ஆறு நிமிஷம். ஸ்க்ரீன்ல மேல ஓரத்துல செவப்பா ஓடுதே, அதான். நாளையிலேர்ந்து இந்த நாற்காலி உங்களுது. எனக்கு இன்னிக்குக் கடைசி நாள். போறதுக்கு முன்னாடி புது ஆளுக்கு வேலைய காட்டிட்டுப் போன்னாரு, அந்தக் கண்ணாடி ரூம்ல உக்காந்திருக்காரே, அந்த மேனேஜர். அவருக்குப் பிசிக்ஸும் ஒண்ணுதான், பிஸ்கட்டும் ஒண்ணுதான். நிமிஷம் மட்டும் நல்லா எண்ணுவாரு.

சரி, அடுத்ததை எடுங்க. இருபது மீட்டர் உயர மாடியிலேர்ந்து ஒரு பந்தைப் படுக்கைவாட்டுல எறியறாங்க, வேகம் செகண்டுக்குப் பதினஞ்சு மீட்டர், எவ்வளவு தூரம் தள்ளி விழும்? கேட்டுக்கிட்டீங்களா? இந்த ஒரே கேள்விதான் சார். மாடிய மலையாக்கி, பந்தைக் கல்லாக்கி, ஒரு நாளைக்கு அம்பது தடவ வரும். இந்தப் புத்தகம் எழுதறவங்களுக்கு எதையாவது மேலேர்ந்து தூக்கிப் போட்டுக்கிட்டே இருக்கணும் போல.

கீழ பாருங்க, பையன் தானே போட்டுப் பாத்த லட்சணத்த. பக்கவாட்டுல போற பதினஞ்சை எடுத்துட்டுப் போயி கீழ விழற கணக்குல சொருகியிருக்கான். இருபது சமம் பதினஞ்சு டி கூட்டல் அஞ்சு டி ஸ்கொயர். கொடுமை என்னன்னா, அதுக்கும் சுத்தமா ஒரு செகண்ட்னு விடை வந்து தொலைக்கும். அய்யா பெருமையா பதினஞ்சு மீட்டர்னு எழுதி, அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்காரு. டேய், பக்கவாட்டுல நீ எவ்வளவு வேகமா வேணா எறி, கீழ விழற நேரம் மாறாதுடா. கையிலேர்ந்து சும்மா நழுவ விட்ட பந்தும், ஓங்கி எறிஞ்ச பந்தும் ஒண்ணாத்தான் தரைய தொடும். நேரத்த உயரம்தான் முடிவு பண்ணும். ஈர்ப்பு பத்து, அதுல பாதி அஞ்சு. இருபதை அஞ்சால வகுத்தா நாலு, அதுக்கு வர்க்கமூலம் ரெண்டு. ரெண்டு செகண்ட். பதினஞ்சை ரெண்டால பெருக்கு, முப்பது மீட்டர். நாலு வரி. இதுக்குப் பெரிய மூளையெல்லாம் வேணாம், மூளைன்னு ஒண்ணு இருந்தாப் போதும்.

அனுப்பிட்டீங்களா? அஞ்சரை நிமிஷம். பரவாயில்ல, தேறிடுவீங்க.

எங்க தப்புன்னு அவனுக்குப் புரிய வைக்க வேண்டாமாவா? நல்ல கேள்வி. நீங்க முப்பது வருஷம் புரிய வச்சீங்களே, எத்தனை பேருக்குப் புரிஞ்சுது? கோச்சுக்காதீங்க. மரமண்டைய மரமண்டைன்னு சொல்றதுல எனக்கு எப்பவும் தயக்கம் கிடையாது.

என்ன சிரிக்கறீங்க? ஓ, இவ்வளவு கெட்டிக்காரிய ஏன் வேலைய விட்டு அனுப்பறாங்கன்னா? மேனேஜர் சொல்லலியா? நான் ஒரு கேள்விக்கு நாப்பது நிமிஷம் எடுத்துக்கிட்டேன் சார். ஒரு தடவ இல்ல. நாலு மாசமா, தினம் ஒரு தடவ. ரெண்டு வாட்டி கூப்புட்டு எச்சரிச்சாங்க. மூணாவது வாட்டி கூப்புடல, லெட்டர்தான் வந்துது.

மணி நாலரை ஆகப்போகுதா? இருங்க, இதைக் கவனமா கேட்டுக்கங்க. தினம் இந்த நேரத்துக்கு இந்த வரிசையில ஒரு நம்பர் வரும், நாப்பத்தொண்ணுல முடியும். வந்த உடனே நீங்க எடுத்துடணும். அந்த ஜன்னலோர ஆளு எடுத்தான்னா நாலு வரியில முடிச்சுத் தள்ளிடுவான். அந்தப் பிள்ளைக்கு நாலு வரி பத்தாது. முதல்ல படம் போடுங்க. ஒவ்வொரு செகண்டும் பந்து எங்க இருக்கும்னு புள்ளி வைங்க. பக்கவாட்டுக் கணக்கைத் தனியா எழுதுங்க, கீழ விழறதைத் தனியா எழுதுங்க. அதுவும் இதே தப்பைத்தான் பண்ணும், மூணு தடவ சொல்லியும் பண்ணுச்சு. பண்ணட்டும். தப்புன்னு ஆரம்பிக்காதீங்க. இந்த வரி வரைக்கும் நீ போட்டது சரின்னு ஆரம்பிங்க.

தெரிஞ்ச பிள்ளையாவா? ம். என் பொண்ணு சார்.

பதினாறு வயசு. அவங்க அப்பா வீட்டுல இருக்கா. என்கிட்ட பேசி மூணு வருஷம் ஆச்சு, போன் பண்ணா எடுக்க மாட்டா. யார்கூட இருக்கப் போறன்னு கோர்ட்டுல கேட்டாங்க. அப்பாகூடன்னா. ஏம்மான்னு கேட்டதுக்கு, அம்மா கணக்கு சொல்லிக் குடுக்கறப்ப பயமா இருக்குன்னு சொன்னா. அடிச்சேன், சோறு போடலன்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். இதுக்கு என்னத்த சொல்ல? ஜட்ஜம்மாவே லேசா சிரிச்சாங்க. அவ சிரிக்கல.

நம்பர்ல பேரெல்லாம் வராது சார். முதல் நாள் அனுப்பின படத்துல, நோட்டுக்கு அடியில மேஜை தெரிஞ்சுது. எங்க சாப்பாட்டு மேஜை. ஓரத்துல கருப்பா இஸ்திரிப்பெட்டி அச்சு. அவ யூனிஃபார்ம தேச்சுக்கிட்டே பின்னம் சொல்லிக் குடுத்தேன் ஒரு நாள். உன் மண்டையில என்ன களிமண்ணான்னு கத்தற மும்முரத்துல பெட்டிய மேஜை மேலயே கவுத்து வச்சுட்டேன். புகை வந்தது கூட எனக்குத் தெரியல. அவதான் அழுதுக்கிட்டே ஓடிப் போயி பிளக்கைப் புடுங்கினா.

இங்க எழுதறது நான்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அனுப்ப மாட்டா. ஒரு வரிய டைப் அடிப்பேன், வாசிச்சுப் பாப்பேன், அதுல நான் தெரியறேனான்னு. தெரிஞ்சா அழிச்சுட்டு வேற எழுதுவேன். நாப்பது நிமிஷம் அதுக்குத்தான் ஆச்சு, கணக்குக்கு இல்ல.

போன வாரம் விடைக்குக் கீழ ஒரு வரி எழுதியிருந்தா. புரிஞ்சுது, தேங்க்ஸ் சார்னு.

சார்னு போட்டிருந்தா. தப்புதான். நான் திருத்தல.